ஜப்பானியக் காலநோக்குக் கேள்வித்தாள் மக்கர் பண்ணினால்: அறிகுறிவாரியாகப் பிழை தேடும் வழி

ஒருவர் தன் கடந்த காலத்தையும் நிகழ்காலத்தையும் எதிர்காலத்தையும் எப்படிப் பார்க்கிறார் என்று அளக்கும் ஸிம்பார்டோ காலநோக்குக் கேள்வித்தாளை ஜப்பானிய மொழிக்குக் கொண்டுபோகிறவர்கள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் ஒரே தீர்ப்போடு வருகிறார்கள்: "ஜப்பானியப் பண்பாடு வேறு, அதனால்தான் அளவுகோல் வேலை செய்யவில்லை." கோப்பைத் திறந்து பார்த்தால் பண்பாட்டுக்கு முன்னால் ஏழெட்டுச் சில்லறைக் காரணங்கள் வரிசையில் நிற்கும். நான் உளவியலாளன் இல்லை. வாக்கியங்களையும் தரவையும் சரிசெய்து கொடுப்பவன். திரும்பத் திரும்பப் பார்த்த பழுதுகளை, செலவு குறைந்த காரணத்திலிருந்து கூடியது வரை, கீழே எழுதியிருக்கிறேன்.

கையில் இருக்கவேண்டிய விவரம் கொஞ்சம்தான். உளவியலாளர்கள் ஃபிலிப் ஸிம்பார்டோவும் ஜான் பாய்டும் 1999-இல் வெளியிட்ட வடிவத்தில் 56 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை 'எனக்கு எவ்வளவு பொருந்தும்' என்று விடை. ஐந்து பிரிவுகள்: கடந்தகாலக் கசப்பு (10), கடந்தகால இனிமை (9), நிகழ்கால இன்பநாட்டம் (15), நிகழ்கால விதிநம்பிக்கை (9), எதிர்காலம் (13). மூலத்தில் இவற்றின் ஆல்ஃபா (ஒரு பிரிவின் கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) 0.74-க்கும் 0.82-க்கும் இடையில் இருந்தது. உங்கள் எண்களை இதோடுதான் ஒப்பிடப்போகிறீர்கள்.

எதையும் தொடுவதற்கு முன் மூலத் தரவுக் கோப்பை நகலெடுத்து வையுங்கள். அப்புறம் இன்னொன்று: உங்களுக்குப் புதிய மொழிபெயர்ப்பே தேவையா என்று பாருங்கள். 2012-இல் ஷிமோஜிமா, சாடோ, ஒச்சி மூவரும் ஜப்பானிய வடிவத்தின் காரணி அமைப்பை, அதாவது விடைகளின்படி எந்தக் கூற்றுகள் ஒன்றாகக் குழு சேர்கின்றன என்பதை, ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள். இளைஞர்களின் நம்பிக்கை, இலக்கு பற்றித்தான் உங்கள் கேள்வி என்றால், ஷிராய் 1994-இல் ஜப்பானிய மொழியிலேயே உருவாக்கிய 18 கூற்று அளவுகோல் இருக்கிறது. இருப்பதைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்தினால் கீழே உள்ளதில் பாதியைப் படிக்காமலே விட்டுவிடலாம்.

அறிகுறி 1: பாதிப் பேருடைய வயதைக் காணோம், அல்லது கோப்பு முழுக்க கிறுக்கல்

கிறுக்கலுக்கு ஜப்பானில் 'மொஜிபாகே' என்று தனிப்பெயரே உண்டு. சிஎஸ்வி தரவுக் கோப்பை எக்செல் ஷிஃப்ட்-ஜிஸ் என்ற பழைய ஜப்பானிய எழுத்துக் குறியாக்கம் என்று எண்ணித் திறந்திருக்கும், கோப்போ யூடிஎஃப்-8 என்ற வேறு குறியாக்கம். நேரடியாக இருமுறை சொடுக்கித் திறக்காமல், தரவை இறக்கும் பகுதிவழியாகக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்துத் திறங்கள். அவ்வளவுதான்.

எழுத்து சரி, எண்கள் மட்டும் காணோமா? ஜப்பானிய விசைப்பலகையில் எண்களை இரண்டு அகலத்தில் தட்டலாம். அரை அகலம் 'ஹன்காகு', முழு அகலம் 'ஸென்காகு'. முழு அகல 20 நம் கண்ணுக்கு 20, மென்பொருளுக்கு அது வெறும் எழுத்து. எக்செலில் 'ஏஎஸ்சி' என்ற சார்பு இதை அரை அகலமாக்கிவிடும். 'ஆர்' என்ற புள்ளியியல் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள், எழுத்து வடிவங்களை ஒரே மாதிரியாக்கும் என்எஃப்கேசி இயல்பாக்கத்தை ஓட்டினால் போதும்.

எண் வந்துவிட்டது, ஆனால் வயது அபத்தமாக இருக்கிறதா? பிறந்த ஆண்டைத் திறந்த கட்டமாக விட்டிருப்பீர்கள். பதில் அளித்தவர் பேரரசர் ஆண்டுக்கணக்கில் எழுதியிருப்பார். ஷோவா என்றால் 1925-ஐக் கூட்டுங்கள், ஹெய்செய் என்றால் 1988, ரெய்வா என்றால் 2018. ஷோவா 60 என்பது 1985. சகாப்தத்தின் முதல் ஆண்டை '1' என்று எழுதாமல் 'கன்னென்' என்றே எழுதுபவர்கள் உண்டு, அந்த வரியை மென்பொருள் விழுங்கிவிடும். ஷோவா 64 என்று யாராவது எழுதியிருந்தால் அது பிழை இல்லை. 1989 ஜனவரியின் முதல் ஏழு நாளில் பிறந்தவர். சகாப்தப் பெயரே இல்லாமல் '15' என்று மட்டும் இருந்தால் அது 2003-ஆகவும் இருக்கலாம், 1940-ஆகவும் இருக்கலாம். மற்ற விடைகளை வைத்து ஊகிக்காதீர்கள், காலியாக விடுங்கள். அடுத்த சுற்றில் கீழிறங்கும் பட்டியலாக மாற்றுங்கள்.

இதற்கெல்லாம் நிபுணர் வேண்டாம். ஒரு மாலைப்பொழுது போதும்.

அறிகுறி 2: ஒரு பிரிவின் ஆல்ஃபா பாதாளத்தில் கிடக்கிறது

எதிர்காலமும் கடந்தகால இனிமையும்தான் இப்படி விழும். இரண்டு பிரிவுகளிலும் தலைகீழ்க் கூற்றுகள், அதாவது பிரிவின் பொருளுக்கு எதிர்த்திசையில் எழுதிய கூற்றுகள், இருப்பதே காரணம். எதிர்காலத்தில் 9, 24, 56. கடந்தகால இனிமையில் 25, 41. இந்த ஐந்தையும் 6-லிருந்து கழித்துவிட்டுத்தான் கூட்டவேண்டும். 25-ஆம் கூற்றில் கொஞ்சம் கூடுதல் கவனம். கடந்த காலத்தில் விரும்பத்தகாத நினைவுகள் அதிகம் என்கிற கூற்று அது. படித்தவுடன் கசப்புப் பிரிவுக்கு அனுப்பத் தோன்றும், பலர் அனுப்பியும் விடுகிறார்கள். மூல மதிப்பெண் விசையில் அது இனிமைப் பிரிவில் தலைகீழாக உட்கார்ந்திருக்கிறது.

எப்படிச் சோதிப்பது? ஒவ்வொரு கூற்றுக்கும் அதே பிரிவின் மீதிக் கூற்றுகளின் கூட்டுத்தொகைக்கும் உள்ள ஒட்டுறவை (ஒன்று கூடும்போது மற்றது கூடுகிறதா, குறைகிறதா என்று காட்டும் எண்ணை) பாருங்கள். கூட்டல் குறிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் கழித்தல் குறியோடு நின்றால், திருப்ப மறந்தது அதுதான். இரண்டு முறை திருப்பினாலும் இதே அறிகுறி வரும். ஒருவர் எக்செலில் திருப்பி, இன்னொருவர் ஆர் நிரலில் மறுபடி திருப்பியதை நானே பார்த்திருக்கிறேன்.

எல்லாக் கூற்றுகளும் ஒழுங்காக இருந்தும் சில ஆட்கள் மட்டும் முழுக்க எதிர்த்திசையில் இருக்கிறார்களா? விடை வரிசையைப் பாருங்கள். 'பொருந்தும்' இடப்பக்கம் வரும் தாள்களும் ஜப்பானில் உண்டு, வலப்பக்கம் வரும் தாள்களும் உண்டு. அச்சுத்தாளில் ஒரு திசையும் இணையப் படிவத்தில் மறு திசையும் போயிருந்தால் இரண்டு குவியலும் ஒன்றையொன்று கொன்றுவிடும்.

இரண்டும் இல்லையென்றால் வாக்கியத்துக்கு வருவோம். 9-ஆம் கூற்று, வேலைகள் நேரத்துக்கு முடியாவிட்டாலும் கவலைப்பட மாட்டேன் என்பது. ஜப்பானிய வரைவில் 'முடியாவிட்டாலும்', 'கவலைப்படுவதில்லை' என்று இரண்டு எதிர்மறைகள் ஏற்கெனவே இருக்கின்றன. விடையோ 'அதேஹமராநாய்', அதாவது பொருந்தாது. மூன்றாவது எதிர்மறை. தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "நீ போகலையா?" என்று கேட்டால் நாம் "ஆமா, போகலை" என்போம், ஜப்பானியரும் 'ஹாய்' என்று சொல்லித்தான் எதிர்மறையை ஆமோதிப்பார்கள். எதிர்மறைக் கூற்றை மறுக்க வேண்டி வந்தால் தலை ஒரு நொடி சுற்றும். 56 கூற்றில் நாற்பதைத் தாண்டியவர் அந்த ஒரு நொடியைச் செலவழிக்க மாட்டார்.

திருத்தம்: உள்ளே இருக்கும் எதிர்மறை ஒன்றையாவது நீக்குங்கள். 'முடியாவிட்டாலும்' என்பதை 'தாமதமானாலும்' என்று மாற்றினாலே சுமை குறையும். இதற்கு மறுபடி தரவு சேகரிக்க வேண்டும், அதனால்தான் இது பட்டியலின் கடைசியில் இருக்கிறது.

ஆல்ஃபாவைத் தூக்குவதற்காக ஒரே பிரிவில் இரண்டு மூன்று கூற்றுகளைத் தூக்கி எறியத் தோன்றுகிற கட்டத்தில் நிறுத்திவிட்டு, உளவியல் அளவீடு தெரிந்த ஒருவரிடம் போங்கள். மிஞ்சுவது வேறு அளவுகோல். அதன் எண்ணை வெளியான எண்களோடு ஒப்பிட முடியாது.

அறிகுறி 3: எல்லோரும் 3-ஐயே குறித்திருக்கிறார்கள்

'ஜப்பானியர் நடுவில்தான் நிற்பார்கள்' என்பதை யாரும் சோதிக்காமலே ஒப்புக்கொள்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1995-இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில் ஜப்பான், தைவான் மாணவர்கள் அமெரிக்க, கனடா மாணவர்களைவிட நடுப்புள்ளியை அதிகம் எடுத்தார்கள். ஆனால் அதைக் கணக்கில் எடுத்துக் கழித்தபிறகும் நாடுகளுக்கிடையிலான ஒப்பீடு மாறவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. அந்தப் பாதியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

முதலில் பிரித்துப் பாருங்கள்: 3 ஆட்களிடம் குவிந்திருக்கிறதா, கூற்றுகளிடம் குவிந்திருக்கிறதா?

ஆட்களிடம் என்றால், அதாவது சிலர் மேலிருந்து கீழ்வரை 3, 3, 3 என்று கோடு இழுத்திருந்தால், அது அலுப்பு. இணையக் குழுவில் புள்ளி சேர்க்கப் பதில் போடுகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். செலவான நேரத்தைப் பாருங்கள். 56 கூற்றை ஒருவர் ஒரு நிமிடத்தில் முடித்திருந்தால் அவர் படிக்கவில்லை. அடுத்த சுற்றில் நடுவே ஒரு வரி நுழையுங்கள்: 'இந்த வரிக்கு 4-ஐக் குறிக்கவும்.' பண்பாடு இதில் எங்கும் வரவில்லை.

கூற்றுகளிடம் என்றால் நடுப்புள்ளியின் பெயரைப் பாருங்கள். வழக்கமாக எழுதுவது 'தொச்சிராதொமோ இயேநாய்', எந்தப் பக்கமும் சொல்ல முடியாது. இதற்குள் மூன்று பேர் ஒளிந்துகொள்ளலாம்: உண்மையிலேயே நடுவில் இருப்பவர், கூற்று புரியாதவர், சொல்ல விரும்பாதவர். பத்துப் பேரை உட்காரவைத்து, 3 குறித்த இடங்களில் ஏன் என்று கேட்டாலே எது எவ்வளவு என்று தெரிந்துவிடும். புரியாதவர்கள் அதிகமென்றால் கூற்றைத் திருத்துங்கள். நடுப்புள்ளியையே வெட்டி நான்கு விடையாக்குவது கெட்ட யோசனை. மூலத்தோடு உள்ள கடைசி நூலும் அறுந்துபோகும்.

அறிகுறி 4: ஒரு கூற்று மட்டும் வேறு வீட்டில் போய்க் குடியிருக்கிறது

எனக்கு மிகவும் பிடித்த பழுது இது: ஒரு பிரிவின் கூற்று தரவில் வேறு பிரிவின் கூற்றுகளோடு சேர்ந்துகொள்ளும். ஜப்பானிய வரைவை இன்னொருவர் மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்க்கும் பின்மொழிபெயர்ப்பில் எல்லாம் கச்சிதமாக இருக்கும், ஆங்கிலம் அச்சாகத் திரும்பி வந்திருக்கும், ஆனாலும் கூற்று இடம் மாறியிருக்கும். பின்மொழிபெயர்ப்பு சொல்லின் நிழலைப் பிடிக்காது.

'எதிர்காலம்' என்ற சொல்லிலிருந்து தொடங்குங்கள். ஜப்பானியத்தில் 'மிராய்' இருக்கிறது, 'ஷோராய்' இருக்கிறது. ஷோராய் என் எதிர்காலம்: படிப்பு, வேலை, கல்யாணம். மிராய் தொலைவில் இருப்பது, மனிதகுலத்தின் எதிர்காலம், பறக்கும் கார் எல்லாம். இரண்டுமே ஆங்கிலத்துக்கு ஒரே சொல்லாகத் திரும்பும். நிலைமை மாறிக்கொண்டே இருப்பதால் எதிர்காலத்தைத் திட்டமிட முடியாது என்ற கூற்று விதிநம்பிக்கைப் பிரிவைச் சேர்ந்தது. ஒரு வரைவில் அது மிராய் என்று இருந்தது. மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைச் சத்தமாக யோசித்துக்கொண்டே நிரப்பச் சொன்னேன். தயங்காமல் 5 போட்டார். "பருவநிலை, செயற்கை நுண்ணறிவு... யாருக்குத் தெரியும்?" சரி, உங்கள் வேலை தேடல் எப்படிப் போகிறது என்று கேட்டேன். பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்தார். அடுத்த மார்ச் வரை நிறுவனப் பெயர், நேர்காணல் தேதி, ரயில் நேரம் என மூன்று நிறப் பேனாவில் கட்டம் கட்டி எழுதியிருந்தார். கேள்வித்தாளின்படி அவர் திட்டமிட முடியாது என்கிற ஆள்! மிராயை எடுத்துவிட்டு ஷோராய் வைத்தோம்.

கடந்த காலத்துக்கும் இதே கதை. 'காகோ' என்பது அகராதிச் சொல். ஆனால் 'காகோ உள்ள பெண்' என்றால் நம் ஊரில் "அவருக்கு ஒரு பழைய கதை உண்டு" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வோமே, அந்த வாடை. இனிமைப் பிரிவின் கூற்றுகளில் எல்லாம் காகோ போட்டால் இனிமை கொஞ்சம் திரிந்துவிடும். இடம் பார்த்து 'ஓமோய்தே' (நினைவுகள்), 'முகாஷி' (அந்தக் காலம்) போன்ற சொற்களை வைத்துச் சோதியுங்கள். ஆனால் முகாஷியைக் கண்ட இடத்தில் தெளிக்காதீர்கள். இன்றைய வாழ்க்கை சிக்கலானது, பழைய எளிய வாழ்க்கையே தேவலை என்ற 47-ஆம் கூற்று விதிநம்பிக்கைப் பிரிவு. அதில் பாட்டிக்கதை தொடங்கும் முகாஷியைப் போட்டால் ஏக்கம் கிளம்பி, கூற்று இனிமைப் பக்கம் நடையைக் கட்டிவிடும்.

அடுத்தது எழுவாய். தமிழில் 'நான்' விட்டுப்போனாலும் வினை காட்டிக்கொடுக்கும். 'திட்டமிடுகிறேன்' என்றால் யார் என்று தெரியும். ஜப்பானிய வினையில் அந்த விகுதி கிடையாது. 'நான்' என்று பொருள்படும் 'வாதாஷி'யை அழகுக்காக நீக்கிவிட்டால் 'பலவற்றை விதி தீர்மானிக்கிறது' என்பது ஊருக்கான பழமொழி மாதிரி ஆகிவிடும். பழமொழிக்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். 'என் வாழ்க்கையில்' என்பதற்கு உரிய 'வாதாஷி நோ ஜின்செய்' இருக்கட்டும், அழகு கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை. அதே கூற்றில் விதிக்கு 'உன்மெய்' போட்டீர்களா, 'ஷுகுமெய்' போட்டீர்களா என்றும் பாருங்கள். பின்னது மாற்றவே முடியாத தலையெழுத்து, ரொம்பக் கனம்.

'பார்ட்டி' என்ற சொல்லை இன்பநாட்டக் கூற்றில் அப்படியே கத்தகானாவில் (பிறமொழிச் சொற்களுக்கான ஜப்பானிய எழுத்தில்) எழுதிவைக்கிறார்கள். ஓட்டல் அரங்கும் உரையும் ஞாபகம் வருகிற சொல் அது. நண்பர்கள் கூடிக் களிப்பதற்கு ஜப்பானில் 'நோமிகாய்' இருக்கிறது. அதிலும் ஒரு சிக்கல்: நோமி என்றாலே குடி, குடிக்காதவர் கூற்றையே மறுத்துவிடுவார். 'நண்பர்களோடு கூடிக் கலகலப்பாக இருப்பது' என்று விரித்து எழுதுவதே மேல் என்பது என் கட்சி.

சொல்லையெல்லாம் பார்த்தாகிவிட்டது, கூற்று இன்னும் வீடு திரும்பவில்லை என்றால், அப்போது பண்பாட்டைச் சந்தேகியுங்கள். 5-ஆம் கூற்று நல்ல உதாரணம்: என் முடிவுகள் பெரும்பாலும் சுற்றியிருப்பவர்களாலும் சூழ்நிலையாலும் தீர்மானமாகின்றன. மூலத்தில் இது கடந்தகாலக் கசப்பில் இருக்கிறது. சுற்றத்தைக் கேட்டு முடிவெடுப்பது குறை என்று யார் சொன்னது? ஜப்பானில் அது பக்குவம் என்றும் படிக்கப்படலாம். இதைச் சொல்லை மாற்றிச் சரிசெய்ய முடியாது. கூற்றை வைத்துக்கொள்வதா, நீக்குவதா என்ற முடிவு அளவீட்டு நிபுணரும் ஜப்பானியத் தாய்மொழி ஆய்வாளரும் சேர்ந்து எடுக்க வேண்டியது. தனியாக எடுக்காதீர்கள்.

அறிகுறி 5: ஐந்து காரணிகள் வரவில்லை

பதினைந்து பதினாறு காரணிகள் வந்தால் பயப்படாதீர்கள். ஐகன் மதிப்பு (ஒரு காரணி தரவில் எவ்வளவு பங்கை விளக்குகிறது என்ற எண்) 1-க்கு மேல் இருப்பதையெல்லாம் மென்பொருள் தானாக எடுத்திருக்கும். 56 கூற்றில் அந்த விதி தாராளமாக அள்ளிக் கொடுக்கும். உங்கள் தரவைத் தற்செயல் தரவோடு ஒப்பிடும் இணைப் பகுப்பாய்வை ஓட்டி எண்ணிக்கையை முடிவுசெய்யுங்கள். ஐந்து விடைத் தரவுக்குச் சாதாரண ஒட்டுறவைவிட, படிப்படியான விடைகளுக்கென்றே உள்ள பாலிகோரிக் ஒட்டுறவு பொருத்தம்.

மாதிரி 150 பேர்தானா? வேறெதையும் தேடவேண்டாம், ஆள் போதாது. கூற்றுக்கு ஐந்து பேர் என்ற பழைய கைக்கணக்கே 280 கேட்கும். எனக்கு 300-க்குக் கீழே நம்பிக்கை வருவதில்லை.

தலைகீழ்க் கூற்றுகள் மட்டும் கூடி ஒரு தனிக் காரணியானால் அது மனத்தின் கூறு இல்லை, எதிர்மறை வாக்கியத்தின் கூறு. அறிகுறி 2-க்குத் திரும்பிப் போங்கள். விதிநம்பிக்கையும் கசப்பும் ஒட்டிக்கொண்டு நான்காக வந்தால், காரணிகள் ஒன்றோடொன்று உறவுகொள்ள அனுமதிக்கும் சாய்வான சுழற்சி போட்டீர்களா என்று பாருங்கள், ஏனென்றால் இவை மூலத்திலேயே ஓரளவு உறவுள்ளவை. அதன்பிறகும் ஒட்டியே இருந்தால், 24 நாட்டுத் தரவை வைத்து 2014-இல் வெளியான ஆய்வு தேர்ந்தெடுத்த 36 கூற்றுகளை மட்டும் எடுத்து உறுதிப்படுத்தும் பகுப்பாய்வு (முன்கூட்டியே சொன்ன அமைப்பு தரவுக்குப் பொருந்துகிறதா என்ற சோதனை) செய்து பாருங்கள். அதுவும் பொருந்தாமல், எங்கே இணைப்புச் சேர்த்தால் பொருத்தம் கூடும் என்று மென்பொருள் காட்டும் திருத்தக் குறியீடுகளைப் பார்த்து, கூற்றுகளின் அளவீட்டுப் பிழைகளுக்கிடையே கோடு போட ஆரம்பித்துவிட்டீர்கள் என்றால் எழுந்து வெளியே போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு, புள்ளியியல் ஆலோசகருக்கு எழுதுங்கள். நாலு கோடு போட்டால் எதுவும் பொருந்தும்.

அறிகுறி 6: ஒரு மாதம் கழித்துக் கேட்டால் மதிப்பெண் மாறிவிடுகிறது

நாட்காட்டியைப் பாருங்கள். ஜப்பானில் கல்வியாண்டும் நிதியாண்டும் ஏப்ரலில் தொடங்குகின்றன. மார்ச்சில் பட்டமளிப்பு, ஏப்ரல் 1 புது வேலை. முதல் சுற்று மார்ச்சிலும் இரண்டாம் சுற்று ஏப்ரலிலும் நடத்தினால் நீங்கள் அளப்பது கருவியின் உறுதியை அல்ல, இடமாற்றத்தை. மூதாதையர் வீடு திரும்பும் ஓபோன் நாட்களை ஒட்டியும் வேண்டாம். குடும்பச் சடங்கு பற்றிய கூற்று கல்லறையைக் கழுவி வந்த மறுநாள் வேறுமாதிரி படிக்கும். மே கடைசி, ஜூன், அக்டோபர் பரவாயில்லை.

இரண்டு சுற்றின் ஆட்களைச் சரியாக இணைத்தீர்களா என்பதையும் பாருங்கள். பெயருக்குப் பதில் கொடுத்த குறியீட்டை முழு அகலத்தில் ஒரு தரமும் அரை அகலத்தில் ஒரு தரமும் தட்டியிருப்பார்கள். மறுபடி அறிகுறி 1.

அறிகுறி 7: ஜப்பானியர் சராசரி வேறு நாட்டைவிடக் குறைவு, கட்டுரை எழுதலாமா?

இன்னும் இல்லை. இரண்டு நாட்டுத் தரவையும் ஒன்றாக வைத்து மூன்று படி ஏறவேண்டும்: காரணி அமைப்பு ஒன்றா, சுமைகள் (கூற்று தன் காரணியோடு எவ்வளவு ஒட்டுகிறது) ஒன்றா, வெட்டுமதிப்புகள் (காரணியளவு ஒன்றாக இருப்பவர்கள் கூற்றுக்குத் தரும் விடையின் தொடக்க அளவு) ஒன்றா. ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது சிஎஃப்ஐ (அமைப்பு தரவுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்ற எண்) 0.01-க்கு மேல் சரிந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். மூன்றாவது படி ஏறாமல் சராசரியை ஒப்பிடக் கூடாது. பெரும்பாலும் அங்கேதான் வழுக்கும். இதை முதல்முறை செய்கிறீர்கள் என்றால் தொடக்கத்திலேயே நிபுணரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தரவு சேர்ந்தபின் சேர்த்தால் அவரால் கையை விரிக்க மட்டுமே முடியும்.

அறிகுறி 8: நிரப்பிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்

கசப்புப் பிரிவில் வேதனையான அனுபவங்கள் மனத்தில் மறுபடி மறுபடி ஓடுகின்றன என்ற கூற்று இருக்கிறது. 2011 மார்ச் 11 சுனாமியில் வீட்டை இழந்த கடற்கரை ஊர்களில், இவாத்தேயிலோ மியாகியிலோ, இதைக் கேட்கப்போகிறீர்கள் என்றால் யாரிடம் கேட்கிறோம் என்று முன்னதாகவே யோசித்திருக்க வேண்டும். நெறிக்குழு ஒப்புதலும், 'எந்தக் கேள்வியையும் விட்டுவிடலாம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்' என்ற வரி முதல் பக்கத்தில் இருப்பதும் அடிப்படை.

இங்கே சோதனை எதுவும் ஓட்டவேண்டாம், காரணமும் தேடவேண்டாம். தாளை மூடுங்கள். தண்ணீர் கொடுங்கள். ஆறுதல் சொல்லப் பழகாதவர்கள் சும்மா பக்கத்தில் இருந்தால் போதும். ஜப்பானில் 2017 முதல் 'கோனின் ஷின்ரிஷி' என்ற தேசிய உரிமம் பெற்ற உளவியலாளர் முறை இருக்கிறது. ஆய்வு தொடங்கும் முன்பே அப்படி ஒருவரிடம் பேசி, அவரைத் தொடர்புகொள்ளும் விவரத்தை அச்சிட்டு மேசையில் வைத்திருங்கள். எழுந்து போகிறவர் கையில் அந்தத் தாளைக் கொடுங்கள். தன் விடைகளை நீக்கிவிடச் சொன்னால் அன்றே நீக்கிவிடுங்கள், 300 என்பது 299 ஆனால் ஆகட்டும்.